குழாய்த் துண்டை வைத்து மர உருண்டை கடைவது எப்படி

லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், சுற்றிக்கொண்டிருக்கும்போது எந்த மர உருண்டையைப் பார்த்தாலும் அழகான உருண்டையாகத்தான் தெரியும். கழற்றி, சிமெண்ட் தரையில் ஒரு தடவை உருட்டிப் பாருங்கள், அப்போதுதான் குட்டு வெளிப்படும். நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளைந்து போய், நிற்கும் முன் இரண்டு தடவை தள்ளாடி, ஒவ்வொரு தடவையும் அதே பக்கம் சாய்ந்து நிற்கும். கண் அளவில் கடைந்தால் ஒன்று எலுமிச்சம்பழம் மாதிரி நீண்டிருக்கும், இல்லை சாத்துக்குடி மாதிரி தலையும் அடியும் அமுங்கியிருக்கும். சப்பாத்திக் கட்டை, பம்பரம் எல்லாம் கடையப் பழகிய பலர் உருண்டை என்று வந்தவுடன் நாலைந்து கட்டைகளை வீணாக்கிவிட்டு, இதற்கு விலை உயர்ந்த ஜிக் (உளியை அளவு தவறாமல் வழிநடத்தும் சாதனம்) வேண்டும் போல என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி எதுவும் வேண்டாம். ஒரு அடி நீளத்துக்கு ஒரு இன்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துண்டு, ஒரு எச்.எஸ்.எஸ். பிட் (இரும்பு வெட்டும் ஹைஸ்பீட் ஸ்டீல் துண்டு), கழிவு மரத்தில் கடைந்த இரண்டு கிண்ணம், ஒரு பென்சில் போதும்.

இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், அது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம். உருண்டையை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் வெட்டினாலும் வெட்டுமுகம் வட்டமாகத்தான் வரும். முட்டையை நீளவாக்கில் வெட்டினால் வட்டம் வராது, குறுக்கே வெட்டினால்தான் வரும். உருண்டைக்கு மட்டும்தான் எங்கே வெட்டினாலும் வட்டம். அதனால் பைப்பின் வாயை ஒரு உருண்டையின் மேல் வைத்தால், எந்த இடத்தில் வைத்தாலும் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் இன்னும் உருண்டை ஆகவில்லை. அதே பைப்பின் வாயைக் கூராக்கிக்கொண்டால், துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை மட்டும் அதுவே தேடிப்பிடித்துச் சுரண்டும். அளவுகோலும் அதுதான், உளியும் அதுதான்.

பைப் உளி

நான் இங்கே 60 மி.மீ. உருண்டையை வைத்தே எல்லா அளவும் சொல்கிறேன். கைக்கு அடக்கமான அளவு, பழகுவதற்கும் இதுதான் வசதி. பைப்பின் வாய் உருண்டையின் விட்டத்தில் பாதி, அதற்குக் கொஞ்சம் முன்பின் இருந்தால் நன்றாக வேலை செய்யும். பிளம்பிங் கடையில் ஒரு இன்ச் ஜி.ஐ. பைப் என்று கேட்டால் கிடைப்பதன் வெளிவிட்டம் சுமார் 33.5 மி.மீ., உள்விட்டம் 27-ஐ ஒட்டி வரும். 60 மி.மீ. உருண்டைக்கு அளவெடுத்தது போல இருக்கும். வீட்டில் பைப் லைன் மாற்றியபோது மிஞ்சிய துண்டு கிடந்தால் அதுவே போதும். 30 முதல் 35 செ.மீ. நீளம் எடுத்துக்கொள்ளுங்கள், மரை போட்ட முனையை அறுத்துத் தள்ளிவிடுங்கள்.

வாயை ஆக்ஸா பிளேடால் முடிந்தவரை நேராக அறுத்து, அரத்தால் மட்டம் பண்ணவும். அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் எமரித் தாளை ஒட்டி, பைப்பைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு போடுகிற மாதிரி தேய்க்கவும். வாய் விளிம்பு முழுக்க ஒரே மாதிரி பளபளப்பு வந்தால் மட்டமாகிவிட்டது என்று அர்த்தம். பாதி பளபளத்து பாதி மங்கலாக இருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. வாய் மட்டமாக இல்லையென்றால் அது வட்டம் இல்லை, வட்டம் இல்லையென்றால் இந்த முறைக்கே பொருள் இல்லை.

அடுத்து பைப்புக்குள்ளே பாருங்கள். ஜி.ஐ. பைப் தகட்டைச் சுருட்டி வெல்டு பண்ணியது, அதனால் உள்பக்கம் நீளவாக்கில் ஒரு தையல் மேடு ஓடும், விரலை விட்டுத் தடவினால் தட்டுப்படும். வாயிலிருந்து ஒரு செ.மீ. ஆழத்துக்கு உருட்டு அரத்தால் அந்த மேட்டை அரைத்து எடுத்துவிட வேண்டும், உள்ளே இருக்கும் துத்தநாகப் பூச்சும் அந்த அளவுக்குப் போய்விட வேண்டும். ஏனென்றால் உருண்டை பைப்பின் வாய்க்குள் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கும், அதனால் மரத்தில் படுவது உள்விளிம்புதான், வெட்டுவதும் அதுதான். அந்த விளிம்பில் மேடு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கீறல் போட்டுக்கொண்டே போகும். வெளிப்பக்கத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் சரிவாக இழைத்துவிட்டால் வாய் மெல்லிசாகும், அடுத்த தடவை கூர் போடும்போது தேய்க்க வேண்டிய இரும்பு குறையும். அரைக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ஜி.ஐ. பைப்பை எந்தக் காரணத்துக்காகவும் நெருப்பில் பழுக்கக் காய்ச்சாதீர்கள், துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

ஜி.ஐ. இரும்பு மென்மையானது, கூர் சீக்கிரம் மழுங்கும். ஒரு உருண்டைக்கு இரண்டு மூன்று தடவை எமரித் தாளில் தேய்க்க வேண்டி வரும், ஒரு நிமிட வேலைதான். கூர் நிற்க வேண்டும் என்றால் பழைய பேரிங்கின் வெளி வளையம் அருமையான இரும்பு. 6203 பேரிங்குக்கு வெளிவிட்டம் 40 மி.மீ., சீலிங் ஃபேனில் வரும் 6202-க்கு 35. கூண்டின் ரிவெட்டை அரைத்து எடுத்துவிட்டு, குண்டுகளை எல்லாம் ஒரே பக்கம் ஒதுக்கினால் உள் வளையம் நகர்ந்து கழன்று வந்துவிடும். சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டாம், அந்த இரும்பு கண்ணாடி மாதிரி தெறிக்கும். வளையத்தை வெல்டு பண்ணினால் கடினம் போய்விடும், விரிசலும் விழும். அதனால் மரப்பிடியின் முனையில் பள்ளம் கடைந்து எபாக்சியால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் உருண்டைக்கு இதெல்லாம் தேவையில்லை, பைப்பே போதும்.

பைப்பின் மறுமுனையில் ஒரு மரக்கட்டையைக் கடைந்து இறுக்கமாக அடித்துவிட்டால் பிடி ஆகிவிட்டது.

சுரண்டும் உளி

பழைய அரத்தை அரைத்து உளியாக்குவது எல்லாரும் முதலில் யோசிப்பதுதான், நானும் செய்தேன். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டிலிருந்து நாலு விரல் அளவு வெளியே நீட்டிப் பிடித்தபோது கட்டையின் மூலையில் மாட்டி, அரம் இரண்டாக உடைந்து, முனை என் தோளைத் தாண்டிப் போய்ச் சுவரில் அடித்தது. அரத்தின் இரும்பு மிகவும் கடினம், அதனாலேயே எளிதில் முறியும். அடுப்பில் 200 டிகிரிக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துக் கடினத்தைக் கொஞ்சம் குறைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரும்பு கடையும் லேத் பட்டறைகளில் எச்.எஸ்.எஸ். பிட் தேய்ந்து குட்டையானதும் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். 8 மி.மீ. சதுரப் பிட் ஒன்று, விரல் நீளம் இருந்தால் போதும். 16 மி.மீ. இரும்புக் கம்பி 40 செ.மீ. எடுத்து, முனையில் பிட் உட்காரும் அளவுக்குக் காடி எடுத்து, மேலிருந்து இரண்டு எம்.6 ஸ்க்ரூவால் இறுக்கிவிட்டால் முறியாத ஒரு உளி தயார். காடி எடுக்கும் வேலையை அதே பட்டறையில் கொடுத்துவிடலாம். பிட்டின் முனையைக் கட்டைவிரல் நகம் மாதிரி வளைவாக அரைக்கவும். எச்.எஸ்.எஸ். கிரைண்டரில் நீலமாகிவிட்டாலும் பயப்பட வேண்டாம், கடினம் போகாது. அரம் போன்ற கார்பன் இரும்பு நீலமானால் அந்த முனை அதோடு போயிற்று, இது அப்படி இல்லை.

மற்றபடி கட்டையை உருளையாக்க ஒரு சாதாரண குழி உளியும், வெட்டி இறக்க ஒரு மெல்லிய பார்ட்டிங் உளியும் வேண்டும். கடைசல் பழகியவரிடம் இது இரண்டும் இருக்கும்.

மரம்

காய்ந்த மரம். இதில் சமரசமே கிடையாது. மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் ஒரு அளவும், அதற்குக் குறுக்கே வேறு அளவும் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. பச்சைக் கட்டையில் எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் இரண்டே மாதத்தில் முட்டையாகிவிடும். பச்சைக் கட்டைதான் கிடைக்கிறது என்றால் 6, 7 மி.மீ. கூடுதலாக வைத்துக் கடைந்து, சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வைத்து, வாரம் ஒரு தடவை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு மறுபடி ஏற்றிக் கடையலாம்.

பழகுவதற்குப் பூவரசு எனக்குப் பிடிக்கும். நெருக்கமான மரம், உளிக்கு இதமாக வெட்டுப்படும், பிசிறு குறைவு. வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள், வெள்ளையாக, ரேகையே தெரியாத அளவுக்குச் சீரான மரம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்காவிலும் பொம்மை கடைவது அதில்தான். தேக்கு நன்றாக வரும், ஆனால் அதற்குள் இருக்கும் மணல் சத்து கூரைத் தின்றுவிடும். வேம்பில் ரேகை மாறி மாறி ஓடும், பிய்த்துக்கொண்டு வரும், தூளும் மூக்கை எரிக்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மரம் அறுக்கும் மில்லில் கழிவுத் துண்டு கேளுங்கள். முடிச்சும் வெடிப்பும் நடுத்தண்டும் இல்லாத துண்டாக, 70 மி.மீ. சதுரம், 130 மி.மீ. நீளம்.

வேலை தொடங்கும் முன் ஒரு விஷயம். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கையுறை எதுவும் லேத் பக்கத்தில் வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள், சுற்றும் கட்டை அதைப் பிடித்தால் விரலோடு சேர்த்து இழுக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு போடுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் உருண்டை கிண்ணத்திலிருந்து நழுவி வெளியே வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

உருளையிலிருந்து எட்டு முகம், பதினாறு முகம்

இரு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் கண்டுபிடித்து, லேத்தின் இரண்டு சென்டருக்கு, அதாவது கட்டையை இரு முனையிலும் பிடிக்கும் கூர்முனைகளுக்கு, நடுவே மாட்டவும். சதுரக் கட்டையாக இருக்கும் வரை 800 முதல் 1000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), உருண்டு வந்த பிறகு 1500-க்கு ஏற்றலாம். குழி உளியால் 60 மி.மீ. விட்டத்துக்கு உருளையாக்கி, இரும்பு ஸ்கேலை மேலே வைத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் பள்ளமோ மேடோ இருக்கக் கூடாது.

இப்போது உருளையின் நடுவில் கூரான பென்சிலால் சுற்றிலும் ஒரு கோடு. இதை இடுப்புக் கோடு என்று வைத்துக்கொள்வோம். கிண்ணத்தில் மாட்டும் வரை இந்தக் கோட்டை உளி தொடக் கூடாது, அதற்கு முன் இது போனால் உருண்டை போயிற்று. இடுப்புக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 30 மி.மீ. அளந்து இரண்டு கோடு. அந்தக் கோடுகளுக்கு வெளியே பார்ட்டிங் உளியால் இறக்கி, இரு பக்கமும் 15 மி.மீ. கனத்துக்குக் காம்பு மட்டும் விடவும். 60 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம், இரண்டு பக்கமும் காம்பு. இந்த உருளைக்குள் சரியாக உட்காரும் உருண்டையின் கன அளவு உருளையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடீஸ் 2200 வருஷத்துக்கு முன்னால் நிரூபித்த கணக்கு. ஆக மூன்றில் ஒரு பங்கை நாம் சீவித் தள்ளப்போகிறோம், அதையும் அளந்து சீவப்போகிறோம்.

விட்டத்தை 0.293-ஆல் பெருக்குங்கள். 60-க்கு 17.6, பதினேழரை என்று வைத்துக்கொள்ளலாம். உருளையின் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்ளே பதினேழரை மி.மீ. தள்ளி மேற்பரப்பில் ஒரு கோடு, முனையின் தட்டை முகத்திலும் விளிம்பிலிருந்து உள்ளே பதினேழரை தள்ளி ஒரு வட்டம். மேலே உள்ள கோட்டிலிருந்து முகத்தில் உள்ள வட்டம் வரை நேராகச் சரிவாக வெட்டி எடுத்தால் 45 டிகிரியில் ஒரு முகம் வரும். இரண்டு பக்கமும் வெட்டிவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் எட்டு பக்கம் உள்ள உருவம் தெரியும். உளியை எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது இடுப்பிலிருந்து காம்புப் பக்கமாகவே ஓட்டவும். எதிர்த்துப் போனால் நாரைக் கிளப்பிவிடும்.

அந்த 45 டிகிரி முகங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பென்சில் கோடு போடுங்கள். பலர் விட்டுவிடும் விஷயம் இது. எட்டு முகத்துக்குள் இருக்கும் உருண்டை ஒவ்வொரு முகத்தையும் அதன் நடுவில்தான் தொடும், அதனால் முகத்தின் நடு ஏற்கெனவே சரியான ஆழத்தில் இருக்கிறது, இனி அங்கே உளி படக் கூடாது. எடுக்க வேண்டியது மூலைகளை மட்டும்தான். ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு பக்கமும் ஆறரை மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, அந்த மூலையைச் சீவினால் பதினாறு முகம் ஆகிவிடும். வேறு அளவு உருண்டை என்றால் விட்டத்தை 0.108-ஆல் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். பதினாறு முகம் வந்தபிறகு மிஞ்சியிருப்பது சின்னச் சின்ன விளிம்புகள், அவற்றை நகமுனை உளியால் தடவி எடுத்தால் போதும். இடுப்புக் கோடும் முகங்களின் நடுவில் போட்ட கோடுகளும் இன்னும் தெரிந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

லேத்தை நிறுத்தி, கழற்றி, காம்புகளைக் கை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். சுற்றும்போதே உளியால் அறுத்து விழவைக்க முயல வேண்டாம். இரண்டு பக்கமும் காசு அளவுக்கு முரட்டு வட்டம் நிற்கும், இருக்கட்டும்.

கிண்ணமும் நிழலும்

கழிவு மரத்தில் இரண்டு கட்டை. ஒன்றை மோட்டார் சுற்றும் ஹெட்ஸ்டாக் பக்கம் சக்கிலோ (கட்டையைக் கவ்வும் பிடி) ஃபேஸ் பிளேட்டிலோ (ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் தட்டு) பிடித்து, முகத்தில் 30 மி.மீ. விட்டத்துக்குக் குழி கடையவும். குழியின் ஆழம் ஒரு செ.மீ. இருந்தால் உருண்டை அடியில் இடிக்காமல் விளிம்பில் மட்டும் உட்காரும், அதுதான் வேண்டும். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைச் சரித்துவிடுங்கள், உளி கிட்டே போக வழி கிடைக்கும். இன்னொன்றை எதிர்முனையில் முன்னும் பின்னும் நகரும் டெய்ல்ஸ்டாக் பக்கம், லைவ் சென்டரின் (கட்டையோடு சேர்ந்து சுற்றும் சென்டர்) கூம்பில் செருகிக்கொள்ளும்படி பின்னால் துளை போட்டுக் கடையவும். லைவ் சென்டர் கட்டாயம் வேண்டும், சுற்றாத சென்டரில் கிண்ணம் தீய்ந்துபோகும். இரண்டு கிண்ண விளிம்பிலும் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினால் வழுக்காது, உருண்டையில் தடமும் விழாது.

இப்போது உருண்டையைக் கிண்ணங்களுக்கு நடுவே வைக்க வேண்டும், ஆனால் முன்பு சுற்றிய அச்சுக்குக் குறுக்கே. இடுப்புக் கோடு இரண்டு கிண்ணத்தின் நடுவையும் கடந்து போகும்படி உருண்டையைத் திருப்பி வையுங்கள். காம்பு இருந்த முரட்டு இடங்கள் இப்போது பக்கவாட்டில், உளிக்கு எதிரே வந்து நிற்கும். டெய்ல்ஸ்டாக்கை இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து, டூல் ரெஸ்டில் எங்கும் இடிக்கவில்லை என்று உறுதியானதும் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கவும். ரப்பரும் மரமும் முதல் நிமிடத்தில் அமுங்கிக்கொடுக்கும், பிடி தளரும். இந்த இரண்டாவது இறுக்கத்தை நான் ஒரு நாள் மறந்துவிட்டேன், உருண்டை கிளம்பிப் போய்ப் பட்டறைக் கதவில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. வேகம் 1000-க்கு மேல் வேண்டாம், எதிரே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் உருண்டைக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையையோ துணியையோ மாட்டிவிட்டு உற்றுப் பாருங்கள். திடமான உருண்டை ஒன்று தெரியும், அதற்கு வெளியே புகை படிந்த மாதிரி ஒரு மெல்லிய நிழல் தெரியும். அந்த நிழல்தான் நீங்கள் எடுக்க வேண்டிய மரம். காம்பு இருந்த இடமும், சரியாக உருளாத இடமும் சுற்றிச் சுற்றி வந்து நிழலாகத் தெரிகின்றன. நகமுனை உளியை மையத்துக்குச் சரியான உயரத்தில், முனை ஒரு துளி கீழே சாய்ந்த மாதிரி பிடித்து, நிழலை மட்டும் மெதுவாகத் தொடவும். முதலில் டக் டக் டக் என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும், உளி ஒரு சுற்றுக்கு இரண்டு தடவைதான் மரத்தைத் தொடுகிறது. சுரண்டச் சுரண்ட நிழல் மெலிந்து, டக் டக் சத்தங்கள் நெருங்கி வந்து, ஒரு கட்டத்தில் ஸ்ஸ் என்று ஒரே சீரான சத்தமாகும். அந்த இடத்தில் நிழல் திடத்தோடு சேர்ந்துவிட்டது. அழுத்தக் கூடாது, இப்போது மரத்தின் வெட்டுமுகமும் பக்கவாட்டும் மாறி மாறி உளிக்கு வருகின்றன, ஆழமாகப் போனால் பிய்த்துவிடும்.

எவ்வளவு எடுப்பது என்பதற்கு இடுப்புக் கோடுதான் எல்லை. லேத்தை அடிக்கடி நிறுத்திக் கோட்டைப் பாருங்கள். முதல் கடைசலில் சுற்றி வந்தபோது போட்ட கோடு அது, அதனால் சந்தேகமே இல்லாத வட்டம். ஒரு வட்டத்தை அதன் விட்டத்தை அச்சாக வைத்துச் சுற்றினால் வருவது உருண்டைதான், வேறு எதுவும் வராது. ஆகவே கோட்டின் நீளம் முழுக்க, அது லேசாக உரசப்பட்டு ஆனால் முழுசாக அழியாமல், புள்ளி புள்ளியாகத் தெரியும் நிலையில் நிறுத்தினால் கையில் இருப்பது கணக்குப்படி உருண்டை. கிண்ணத்துக்குள் மறைந்திருக்கும் இரண்டு இடம் மட்டும்தான் பாக்கி.

அதற்கு மூன்றாவது தடவை திருப்ப வேண்டும். கழற்றும் முன், இப்போது சுற்றும் உருண்டையின் நடுவில் வேறு நிறப் பென்சிலால் இன்னொரு கோடு போடுங்கள், நான் சிவப்பு வைத்துக்கொள்வேன். கறுப்புக் கோடும் சிவப்புக் கோடும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த இரண்டு இடமும் கிண்ணங்களின் நடுவில் உட்காரும்படி மாட்டினால், முன்பு கிண்ணத்தில் மறைந்திருந்த இடங்கள் வெளியே வந்துவிடும். மறுபடி நிழல், மறுபடி மெதுவாகச் சுரண்டல். இந்தத் தடவை நிழல் மிக மெல்லிசாக இருக்கும், முடி அளவுதான்.

இப்போது பைப்

டூல் ரெஸ்டைக் கீழே இறக்கி, பைப்பை அதன் மேல் வைத்தால் பைப்பின் மையம் லேத்தின் மைய உயரத்துக்கு வரும்படி செய்யுங்கள். பைப் எப்போதும் உருண்டையின் மையத்தைப் பார்த்து நீட்டியிருக்க வேண்டும். வேகம் 800. வாயை உருண்டையில் மெல்ல ஒட்டவைத்து, ஹெட்ஸ்டாக் கிண்ணத்தின் பக்கத்திலிருந்து டெய்ல்ஸ்டாக் கிண்ணத்தின் பக்கம் வரை, மையத்தை விட்டு விலகாமல் பிடியை வளைவாக நகர்த்திக்கொண்டே போய், அப்படியே திரும்பி வாருங்கள். நன்றாகத் தீட்டிய வாயிலிருந்து பஞ்சு மாதிரி மெல்லிய சுருள் வரும். வெறும் தூள் வந்தால் கூர் மழுங்கிவிட்டது.

இதில் ஒரு அழகு இருக்கிறது. பைப்பின் வாய் உருண்டையின் பெரிய பரப்பில் ஒரே நேரத்தில் உட்காருகிறது, அதனால் பள்ளத்துக்குள் அதனால் இறங்கவே முடியாது, மேட்டை மட்டும்தான் எடுக்கும். நீங்கள் கை தவறினாலும் அது ஆழமாக வெட்டாது. எங்கே சுருள் வருகிறதோ அங்கே மேடு, சுருள் நின்றுவிட்டால் அந்த அச்சில் வேலை முடிந்தது. உருண்டையை ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பி மாட்டி மறுபடி. திருப்புவதற்கு இப்போது கணக்கு எதுவும் வேண்டாம், கண்ட மேனிக்குத் திருப்பலாம். ஆறு ஏழு தடவை திருப்பி மாட்டியபிறகு, எந்தப் பக்கம் வைத்தாலும் சுருள் வராமல் பைப் வழுக்கிக்கொண்டு போகும்.

கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பைப்பின் வாயில் உருண்டையை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், எங்காவது வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று. வெர்னியரால் மூன்று திசையில் அளந்தால் எனக்கு வழக்கமாகக் கால் மி.மீ.க்குள் வித்தியாசம் வரும், முதல் உருண்டையில் உங்களுக்கு அரை மி.மீ. வந்தாலே நல்ல வேலை. 60-க்குப் பதில் 58 வந்தாலும் பரவாயில்லை, உருண்டைக்கு அளவைவிட உருட்சி முக்கியம்.

உப்புத்தாள் போடும்போது டூல் ரெஸ்டை எடுத்துவிடுங்கள். 120-இல் ஆரம்பித்து 180, 240, 400. ஒவ்வொரு நம்பருக்கும் மூன்று பக்கமாவது திருப்பி மாட்ட வேண்டும். சோம்பல்பட்டு ஒரே பக்கத்தில் நிறைய நேரம் தேய்த்தால், கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த உருட்சி அங்கேயே கெட்டுவிடும், ஏனென்றால் ரேகைக்குப் பக்கவாட்டில் இருக்கும் மரம் வெட்டுமுகத்தைவிட வேகமாகத் தேயும். பைப் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் 180-இலேயே ஆரம்பிக்கலாம்.

பூச்சுக்கு அவரவர் விருப்பம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம், அவை காயாது, பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் காயும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள் என்றால் தேன்மெழுகு மட்டும் போதும். எனக்குப் பிடித்தது அரக்கு. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புக்கு வண்ணம் ஏற்றுகிற முறைதான். உருண்டை சுற்றும்போது அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகிப் படியும், காய்ந்த தாழை ஓலையை மடித்து அதன் மேல் அழுத்திப் பிடித்தால் அரக்கு சீராகப் பரவிக் கண்ணாடி மாதிரி மின்னும். உருண்டையில் இதைப் பாதி பாதியாகத்தான் செய்ய முடியும். ஒரு பாதி முடித்து, ஆறவிட்டு, கிண்ணத்தில் சைக்கிள் ட்யூபுக்கு மேல் மெத்தென்ற துணி வைத்து மாட்டி, மறு பாதி. சேரும் இடத்தில் ஓலையை இன்னொரு தடவை ஓட்டினால் கோடு மறைந்துவிடும்.

முடித்த உருண்டையை ஐப்பசி மழையில் ஒரு தடவை அளந்து பாருங்கள். ரேகைக்குக் குறுக்கே கால் மி.மீ. கூட ஊதியிருக்கும், ரேகையின் போக்கில் அப்படியே இருக்கும். பயந்துபோய் மறுபடி லேத்தில் ஏற்ற வேண்டாம், பங்குனி வெயிலில் பழைய அளவுக்கு வந்துவிடும்.